பளபளக்கும் எஞ்சின்

"விடிஞ்சதும் ஆரம்பிச்சீங்க. அதை அப்படியே விட்டுட்டு வந்து ஒரு வாய் சாப்பிடுங்களேன்."

கார் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த கணவர் கையை மட்டும் பின்னால் நீட்டி, "அந்தப் பழைய துணியை எடு" என்றார்.

எடுத்துக் கொடுத்தாள்.

பேட்டரி ஒயரைக் கழற்றியாயிற்று. ஃப்யூஸ் பெட்டிக்கும் காற்றுக் குழாய்க்கும் தண்ணீர் போகாமல் பாலிதீன் பை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டாயிற்று. பிசுக்கு நீக்கும் மருந்தை அடித்து, மூலைமுடுக்கெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்து, டியூபில் மெல்லத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் ஒரு டம்ளர் கழுவி அவள் பார்த்ததில்லை.

இத்தனை அக்கறையும் எதற்கு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

இந்த வண்டியை வாங்கிக்கொண்டு போக இன்றைக்கு அவள் தம்பி வருகிறான். பேசி முடித்தாகிவிட்டது. தம்பி மனைவிக்கு இது நிறைமாதம். எந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்குமோ என்றுதான் அவசரமாக வாங்குகிறான்.

வண்டியோ எண்ணெய் கக்குகிறது.

கொஞ்ச நாளாக இவர் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைக்கிறார். காலையில் அதைக் கறுப்புக் கறையோடு சுருட்டிக் குப்பையில் போடுகிறார். போன வாரம் சிக்னலில் நின்றபோது பானெட் ஓரமாகப் புகை வந்தது, கூடவே கருகிய நாற்றம். "என்னங்க இது?" என்று அலறினாள். "ஒண்ணுமில்ல, சும்மா இரு" என்றார். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் முத்து உதிர்ந்துவிடும் இவருக்கு.

"தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

"எதை?"

"அதான்... அந்தப் புகை..."

"வரட்டும், பாத்துக்கலாம்."

பாத்துக்கலாமாம்! கட்டினவளின் தம்பி தலையிலேயே மிளகாய் அரைக்கத் துணிந்துவிட்டாரே!

தம்பியிடம் சொன்னால் புருஷன் மானம் போகும். சொல்லாவிட்டால்? வலியெடுத்தவளை ஏற்றிக்கொண்டு போகும்போது நடுரோட்டில் வண்டி பற்றிக்கொண்டால்? சமையலறைக்குள் போனாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவர் கடைசியாக ஒருமுறை துடைத்துக் காயவிட்டு, பைகளைக் கழற்றியபோது தம்பி வந்து நின்றான்.

"அடேயப்பா! ஷோரூம்லேர்ந்து இப்பத்தான் இறக்கின மாதிரி இருக்கே மாமா!"

குரல் கேட்டு அவள் வெளியே வந்தாள். வாயெல்லாம் பல் அவனுக்கு. பாவி, இவன் வேறு!

"இரு, கையைக் கழுவிட்டு வரேன்" என்று அவர் உள்ளே போனார்.

இதை விட்டால் வேறு நேரம் கிடையாது. அவள் தம்பியின் கையைப் பிடித்துக் கேட் ஓரமாக இழுத்தாள்.

"இந்த வண்டி உனக்கு வேணாம்டா."

"ஏன்க்கா?"

"எண்ணெய் ஒழுகுது. ஒருநாள் புகையே வந்துடுச்சு. அது உன் கண்ணுல படக்கூடாதுன்னுதான் உங்க மாமா காலையிலேர்ந்து சாப்பிடக்கூட வராம தேய்ச்சுத் துடைச்சு வச்சிருக்கார். நான் சொன்னேன்னு காட்டிக்காதே. ஏதாவது சாக்குச் சொல்லிட்டுக் கிளம்பிடு."

தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. "மாமாவா? என்கிட்டயா?"

அவர் வந்துவிட்டார். இருவர் முகத்தையும் ஒரு பார்வை பார்த்தார். பேட்டரி ஒயரை மாட்டி வண்டியைக் கிளப்பினார்.

"கொஞ்ச நேரம் ஓடட்டும்."

ஓடியது. தம்பி மெல்ல ஆரம்பித்தான்.

"மாமா... வண்டி விஷயமா நான் கொஞ்சம் யோசிச்சு..."

"அப்புறம் யோசிக்கலாம். முதல்ல இங்க குனி." செல்போன் விளக்கை எஞ்சினுக்குப் பின்பக்கம் அடித்தார். "அந்த மேல்மூடிக்குக் கீழே என்ன தெரியுது?"

"ஈரமா... கோடு மாதிரி என்னமோ இறங்குது."

"எண்ணெய்!" புதையல் கிடைத்ததுபோல் கத்தினார். "ரெண்டு மெக்கானிக் பாத்தாங்க, மச்சான். ஒருத்தன் மேலேங்கறான், ஒருத்தன் கீழேங்கறான். எல்லா இடமும் பிசுக்கா இருந்தா எங்கேர்ந்து வருதுன்னு எவனுக்குத் தெரியும்? சுத்தமாத் துடைச்சு ஓடவிட்டாத்தானே புதுசா ஒழுகறது கண்ணுல படும்! அந்த மூடிக்கு அடியில இருக்கற ரப்பர் போயிடுச்சு. எண்ணெய் சூடான புகைக்குழாய் மேல சொட்டுது."

"அப்போ..."

"அப்போ என்ன? அதை மாத்தி, நானே ஓட்டிப் பாத்துட்டு அப்புறம்தான் சாவி உன் கைக்கு வரும். அதுக்குள்ள வலி வந்துட்டா எனக்கு ஒரு போன் போடு, நல்ல வண்டியா ஒண்ணு பிடிச்சுக்கிட்டு வந்து நிப்பேன். மாசமா இருக்கறவ ஏறப்போற வண்டிடா இது. ஏனோதானோன்னு தர முடியுமா?"

அவளுக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம்போல் இருந்தது.

அவர் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பினார். "ஆமா, நான் உள்ளே போனப்ப அக்காவும் தம்பியும் என்ன அப்படி ஒரு குசுகுசு?"

தம்பி அவள் பக்கம் பார்க்கவேயில்லை.

"அதுவா மாமா? 'உங்க மாமா வாயைத் திறந்து எதையும் சொல்ல மாட்டார். ஆனா உனக்காகத்தான் காலையிலேர்ந்து சாப்பிடக்கூட வராம இதுல கிடக்கார்'னு சொன்னாங்க."

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அவள் பக்கம் திரும்பினார்.

"பரவாயில்லையே! நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லல. எப்படிம்மா என்னை இவ்வளவு சரியாப் புரிஞ்சு வச்சிருக்கே?"