அந்த விசில்

“இது தியேட்டர் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு இருங்கோ,” என்று சூரிச் யூத ஆலய வாசலிலேயே பிரதீபா கணவனை எச்சரித்தாள். அவளுடன் வேலை செய்யும் மிரியத்தின் மகனுக்குப் பதின்மூன்று வயதுச் சடங்கு. ஞானரூபனின் கணக்கில், பெண்பிள்ளை பெரியவளானால் செய்யும் சாமத்தியவீடு, இங்கே பொடியனுக்கு.

“போன கிழமை ஹீரோ வரேக்க விசிலடிச்சதுக்கு உங்களை வெளியில விட்டவங்கள். மறந்திட்டியளோ?”

“கடதாசி எறிஞ்சது நான்தான். விசில் நானில்லையப்பா!”

“பின்ன, நானோ அடிச்சனான்?”

ஞானரூபன் அவள் பின்னால் உள்ளே போனான். வாசலில் கொடுத்த இனிப்பைக்கூடத் தின்னாமல் கைக்குள் பொத்தியபடி அமர்ந்தான்.

பையன் மேடையேறி வேதச்சுருளைப் பிசகாமல் வாசித்து முடித்தான். உடனே அவன் தலையில் இனிப்புகள் வந்து விழுந்தன. பிரதீபா கணவனின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

“ஐயோ, நானில்லை!” கையை விரித்துக் காட்டினான். இனிப்பு அப்படியே இருந்தது. “அங்க பாரும், அவையின்ர ஐயரே எறியிறார்! வாசல்ல தந்ததே எறியத்தான்!”

அடுத்த கணம் அவன் காதைத் துளைத்துக்கொண்டு ஒரு விசில் கிளம்பியது. தியேட்டரில் கேட்ட அதே விசில். மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஞானரூபனும் பார்த்தான்.

பிரதீபா வாயிலிருந்து இரண்டு விரல்களை மெல்ல எடுத்தாள்.

“எல்லாரும் பாக்கினம். நீங்கள்தான் அடிச்சதெண்டு சொல்லுங்கோ!”