தபிதா செஞ்ச புரோட்டீன்

"எங்க தபிதா இன்னா பண்ணிக்கிறா தெரியுமா?"

பஸ்ஸு இன்னும் சித்தூரே தாண்டல. கண்டக்டர் ஜெபதாஸ் ஆரம்பிச்சுட்டாரு. திருப்பதி பஸ்ஸு. டிக்கெட் குடுக்கறது பாதி, தபிதா பெரும பேசறது மீதி.

சந்தியாவுக்கு எரிச்சல். திருப்பதில அவளுக்கு பேங்க் பரீட்ச. மடியில புக்கு, காதுல தபிதா.

"மனுஷன் ஒடம்புல இருக்கிற புரோட்டீன லேபுல ஒக்காந்துக்கினு செஞ்சுட்டா. மனுஷனே இல்லாம."

"அதெப்படி?" பின்னாடி சீட்டு மாங்கா யாவாரி வசமா மாட்டிக்கினாரு.

"கேளுண்ணே. நம்ம ஒடம்பு முழுக்க செல்லு. ஒவ்வொரு செல்லுக்கும் மேல ஒரு தோலு. அந்தத் தோலு மேல கத்தரிக்கோல் மாதிரி ஒரு புரோட்டீன் நிக்குது. நல்லதுக்கு வெட்டத்தான் நிக்குது. ஆனா வைரஸு வந்தாலும் வெட்டி வழி வுட்டுருது. நீ யாருன்னு ஒரு வார்த்த கேக்கறதில்ல. நம்ம டிரைவர் மாதிரி. எவன் கைய காட்னாலும் நிறுத்துவாரு."

டிரைவர் ஹாரன் அடிச்சாரு.

"அத அடக்க மருந்து தேடணும்னா, மொதல்ல கத்தரிக்கோல் கையில இருக்கணும்ல? இதுவரைக்கும் ஃபாரின்லருந்து ஐஸ் பொட்டியில வந்துக்கினு இருந்துச்சு. தபிதா இன்னா பண்ணா, அத செய்யற குறிப்ப மட்டும் பூச்சி செல்லுக்குள்ள அனுப்பிட்டா. பூச்சி செல்லு செஞ்சு குடுத்துச்சு. சம்பளம் கேக்காத வேலக்காரன்."

"நமக்கு ஊசி போடுவாங்களா?"

"அதெல்லாம் இல்ல. லேபுல ஆராய்ச்சிக்கு மட்டும்தான்."

அடுத்து ஜெபதாஸு மூக்கால பேசுனாரு. அது தபிதாவோட புரொபசர் வெங்கடராகவனாம்.

"'ஏம்மா தபிதா, நீ செஞ்ச கத்தரிக்கோல் தன்னையே வெட்டிண்டு வீணாப் போறதே, வேற ஏதாவது பண்ணேன்.' மூணு வருசம் அப்படித்தான் வீணாப் போச்சு. வுட்டாளா அவ? இப்ப எங்கெங்கயோ இருக்கிற லேபுக்காரங்க, எங்களுக்கும் கொஞ்சம் குடும்மான்னு கேக்கறாங்க."

பஸ்ஸே சிரிச்சுது. டிரைவருக்குப் பின்னால ஜன்னலோரம் ஒக்காந்திருந்த ஒருத்தரு மட்டும் ரோட்டயே பாத்துக்கினு வந்தாரு.

"இன்னிக்கு மத்தியானம் திருப்பதில அவளுக்கு சால்வ போடறாங்க. மொத வரிசையில பெத்த நைனாவுக்குன்னு ஒரு சேரு போட்டுக்கிறாங்க. வருவாராம்மான்னு கேட்டதுக்கு, தெரியலன்னு சொன்னாளாம்."

சந்தியா புக்க மூடிட்டா.

"இவ்ளோ பெரும பேசறீங்களே, லீவு போட்டுட்டு அந்த சேருல போய் ஒக்கார வேண்டியதுதானே? ஊருக்கெல்லாம் சொல்லுவீங்க, பொண்ணு மட்டும் மேடையில நின்னு காலி சேர பாக்கணுமா?"

பஸ்ஸே ஜெபதாஸத் திரும்பிப் பாத்துச்சு.

ஜெபதாஸுக்குக் கோவமே வரல. "நல்லா கேட்டம்மா. ஆனா சத்தம் பத்தல. இன்னொரு தபா கேளு, டிரைவர் வரைக்கும் போவட்டும்."

வெக்கங்கெட்ட மனுஷன்னு நெனச்சுக்கினு, சந்தியா இன்னும் சத்தமாவே கேட்டா. "பெத்த அப்பாவுக்கு இன்னிக்கு அதவுட இன்னா பெரிய வேல?"

புத்தலப்பட்டு வந்துச்சு. விசிலு. நாலு பேரு எறங்குனாங்க.

"ஸ்டான்லி அண்ணே, ஒங்க ஸ்டாப்பு."

ஜன்னலோரம் இருந்தவரு எழுந்திருக்கல. டிரைவர் ரெண்டு தபா திரும்பிப் பாத்தாரு. அப்புறம்தான் ஸ்டான்லி மொகத்தத் திருப்பாம கைய மட்டும் நீட்டுனாரு.

"திருப்பதிக்கு ஒண்ணு குடு."

ஜெபதாஸு மிஷின்ல டிக்கெட் அடிச்சுக் குடுத்தாரு. விசில ஊதிட்டு, சந்தியா பக்கத்துல வந்து ஒக்காந்தாரு.

"யாரு அவரு?"

அதுவரைக்கும் கத்துன மனுஷன் அப்பத்தான் மெதுவா பேசுனாரு.

"எனக்கு ரெண்டுமே ஆம்பளப் பசங்கம்மா. தபிதா எங்க சர்ச்சு பொண்ணு, அவரு பெத்தது. கல்யாணம் வாணாம், படிக்கணும்னு அவ போன அன்னிலருந்து பேச்சுவார்த்த இல்ல. வூட்லயோ, சர்ச்சுலயோ, யாரு அவ பேர எடுத்தாலும் எழுந்து வெளிய பூடுவாரு. ஓடற பஸ்ல எங்க பூடுவாரு?"