கிழக்கு வேலியில் மூன்று ஹாரன்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்றுதான் டார்லாவுக்குப் பயம்.

எட்டாம் வகுப்போடு நின்றவள். ஷெரீஃப் ஆபீஸிலிருந்து வந்த போலீஸ்காரன் லைல், புகாரை எழுதச் சமையலறை மேசையில் தாளை விரித்துப் பேனாவைத் திறந்ததுமே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"முதல்லேருந்து சொல்லுங்க மேடம்."

"பக்கத்துப் பண்ணை ராய்ஸ்தான். தினம் காலையில ஏழு மணிக்கு நான் மாட்டுக்குத் தீனி போடப் போவேன். சரியா அந்த நேரத்துக்கு டீசல் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து கிழக்கு வேலியோரம் நிறுத்திக்கிட்டு உறும விடறார். கரும்புகை. அப்புறம் மூணு தரம் ஹாரன். மூணே தரம். எண்ணிட்டேன்."

"வேலியைத் தாண்டி வந்தாரா?"

"இல்லை."

"ஏதாவது சொன்னாரா?"

"கையை ஆட்டிட்டுச் சிரிப்பார். நான் பேட்டரி பிக்கப் வாங்கி மூணு வாரமாகுது. மூணு வாரமும் இதே கூத்து."

லைலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். காபிக்கடையில் ராய்ஸ் அடிக்கும் கிண்டல் ஊருக்கே தெரியும். 'டார்லா வாங்கினது வண்டியில்லப்பா, சக்கரம் வெச்ச டோஸ்டர். மாட்டுக்குத் தீனி போடறதுக்கு முன்னால அதுக்குத் தீனி போடணும்.'

ஆசைக்கு வாங்கிய வண்டி இல்லை அது. கணவன் ஆரின் நுரையீரல் கெட்டுப்போய்ப் படுக்கையில் விழுந்துவிட்டான். வண்டி நிற்கும் கொட்டகை அவன் அறையை ஒட்டி இருந்தது. பழைய டீசல் பிக்கப்பைக் கிளப்பினாலே மூச்சு முட்டும். அதை விற்றுவிட்டு இதை வாங்கினாள். இத்தனை வருஷம் ஆரின் போட்ட தீனியை இப்போது அவள் போடுகிறாள்.

வண்டியில் அவளுக்குப் பெருமைதான். "துளிக்கூடச் சத்தமில்லை. ஆனாலும் அறுபது மாடும் மேடு தாண்டி ஓடி வருது. மாட்டுக்கே பிடிச்சுப்போச்சு" என்று கடைத்தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"விடு டார்லா" என்று உள்ளேயிருந்து ஆரின் இருமினான். "ராய்ஸ் நல்லவன்."

"நல்லவன் பண்ற வேலையா இது?"

லைல் தாளை மடித்துக்கொண்டு போய், ராய்ஸிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னான்.

மறுநாள் ஏழு மணிக்குக் கிழக்கு வேலி காலியாக இருந்தது. சக்கரத்தடியில் பனி நொறுங்குவது மட்டும் கேட்டது. அப்பாடா என்றிருந்தது டார்லாவுக்கு.

ஏழேகால் ஆயிற்று. ஒரு மாடுகூட வரவில்லை.

மதியத்துக்குள் பனிப்புயல் என்று ரேடியோவில் விடிந்ததிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாடுகள் மேட்டுக்கு அப்பால், பள்ளத்தில் இருந்தன. புயல் அடித்தால் முதலில் மூடுவது அந்தப் பள்ளம்தான். மேட்டிலோ இடுப்பளவு பனி. வண்டியும் ஏறாது, அவளாலும் ஏற முடியாது.

தொண்டை கிழியக் கூப்பிட்டாள். ஹாரன் அடித்தாள். புது வண்டியின் ஹாரன் அவளுக்கே யாருடைய குரலோ போல இருந்தது. மேட்டில் ஒரு காதுகூடத் தெரியவில்லை.

இன்னொரு தரம் அடித்தாள். மூன்றாவது தரம் அடித்த கை அப்படியே நின்றது.

மூன்று ஹாரன். முப்பது வருஷமாக ஆரின் தீனி போடும்போது அடித்தது அதுதானே? அவள் சமையலறையில் நின்று தினம் கேட்டதுதானே?

போனை எடுத்தாள்.

"ராய்ஸ், நான் டார்லா. மாடு வரலை."

"வேலிப்பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாதுன்னு லைல் சொல்லிட்டுப் போனானே."

"நான்தான் சொல்லச் சொன்னேன். வாங்க."

பத்து நிமிஷத்தில் டீசல் உறுமியது. மூன்று ஹாரன். மேட்டின் மேல் கருப்பாக ஒரு தலை தெரிந்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் அறுபதும், மூக்கில் ஆவி பறக்க, பனியை உழுதுகொண்டு இறங்கி வந்தன.

அவற்றைக் கொட்டிலில் சேர்த்துவிட்டு டார்லா வேலியோரம் போனாள். ராய்ஸ் வண்டியைவிட்டு இறங்கவில்லை. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"என்னோடதும் ஆரினோட பழைய வண்டியும் ஒரே இன்ஜின். மாட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான். முதல் நாள் நீ பாட்டுக்கு ஊமையா வந்து நின்னே. அதுங்க அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கிட்டு நிக்குது."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"டோஸ்டருக்கு நான் எடுபிடின்னு காபிக்கடையில தெரியணுமா? என் மானம் என்னாகறது?" அவள் வண்டியை ஒரு பார்வை பார்த்தார். "மோசமில்லை. இந்தக் குளிர்லயும் ஓடுதே. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதே."

"அதுக்காக இந்தக் கோடியிலயா வந்து நிக்கணும்? வாசலுக்கே வந்திருக்கலாம்."

"காத்து மேற்கேருந்து வருது" என்றார் ராய்ஸ். "இங்க நின்னாத்தான் புகை வீட்டுப் பக்கம் போகாது. ஆரினுக்கு ஆகாதே."

புயல் ஓய்ந்த மறுநாள் லைல் போன் செய்தான். பின்னால் கோப்பைகள் மோதும் சத்தம் கேட்டது.

"மேடம், காபிக்கடையிலேருந்து பேசறேன். ராய்ஸ் மறுபடியும் வந்து ஹாரன் அடிச்சாராமே? இங்க எல்லாரும் கேக்கறாங்க. என்னதான் நடக்குது?"

டார்லா ஜன்னல் வழியே பார்த்தாள். அறுபதும் நின்றுகொண்டிருந்தன. உள்ளதைச் சொன்னால் நாளைக் காலையில் கிழக்கு வேலி காலியாகிவிடும்.

"வந்தாரே. யாரையாவது வம்புக்கு இழுக்கலைன்னா அந்த மனுஷனுக்குப் பொழுது விடியாது. போகட்டும், எனக்குப் பழகிப்போச்சு. இனிமே யாரும் அவரைத் தடுக்க வேண்டாம்."

இந்தத் தடவை தப்பாகத்தான் சொன்னாள். ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை.