முனிவர் விழுந்த இடம்

"இந்தப் படத்தை வரைஞ்சது நீங்கதானே?"

பட்டுக் கிமோனோ உடுத்தி வாசலில் நின்றவள் பேட்டைத் தலைவர் தகேமுராவின் மனைவி ஓஹமா. ஓவியன் ஜின்பெய் தூரிகையைக் கீழே வைத்தான். தகேமுராவின் முத்திரை இல்லாமல் இந்தப் பேட்டையில் எந்தப் படமும் அச்சேறாது. அதிகாரிகளைக் கேலி செய்தால் கைக்கு விலங்கு.

படத்தில் இருந்தது எடோ நகரில் எல்லோருக்கும் தெரிந்த பழங்கதை. வானத்தில் பறந்த முனிவர், ஆற்றில் துணி துவைப்பவளின் காலைப் பார்த்து, சித்து கலைந்து கீழே விழுந்தார்.

ஜின்பெய் அதை இந்தக் காலத்துக்கு இறக்கியிருந்தான். மேகத்துக்குப் பதில் பாலம். முனிவரின் தாடிக்குக் கீழே பேட்டைத் தலைவரின் மேலங்கி. துவைப்பவளுக்கு, ஊரே பித்தாகிக் கிடக்கும் தேநீர்க்கடைப் பெண் ஓமிட்சுவின் முகம்.

இளமையில் துணி துவைத்த ஒரு பெண்ணைப் பார்த்துப் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்த கதையைத் தகேமுராவே ஒரு மாலை மதுக்கடையில் உளறியிருந்தார், பக்கத்தில் இருப்பவன் ஓவியன் என்று தெரியாமல். படத்துக்கு முத்திரையும் அவரே சிரித்துக்கொண்டே குத்தினார். அவர் கண் ஓமிட்சுவின் முகத்தைத் தாண்டவில்லை போலிருக்கிறது.

"பழங்கதைங்கம்மா. எந்தக் காலத்து முனிவரோ."

"எங்க வீட்டுக்காரர் மேலங்கியை அவர் கடன் வாங்கிட்டாராக்கும்?"

ஜின்பெய் நெற்றியைப் பாயில் வைத்துவிட்டான். ஐயாவிடம் சொல்ல வேண்டாம், அச்சுப் பலகையை இன்றைக்கே இழைத்து அழித்துவிடுகிறேன் என்று கெஞ்சினான்.

ஓஹமா அதைக் காதில் வாங்கவில்லை. பட்டுக்குள்ளிருந்து நீண்ட விரல் பட்டுக்குப் பழகியதாக இல்லை, காய்த்துப்போயிருந்தது. அது முனிவரைக் கடந்து, துவைப்பவளின் கெண்டைக்காலில் இருந்த பிறைத் தழும்பில் நின்றது.

"இந்தத் தழும்பு?"

"அதுவும் ஐயா சொன்னதுதாங்க."

"அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆனாளாம்?"

"அதைச் சொல்றதுக்குள்ள ஐயா தூங்கிட்டாருங்க."

ஓஹமா படத்தை நான்காக மடித்து இடைக்கச்சையில் செருகிக்கொண்டாள். வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"பலகையை இழைக்க வேணாம். அந்தப் பொண்ணு முகத்தை மட்டும் தோண்டி எடுத்துட்டு வேற முகம் வைங்க."

"யார் முகங்கம்மா?"

"கால் என்னோடது."