கட்சி மாறிய உவைஸ்

“விண்டோஸா? நான் இருக்கிற வரைக்கும் அது நடக்காதுங்கய்யா” என்றான் உவைஸ், மடியிலிருந்த லேப்டாப்பை விட்டுத் தலையைத் தூக்காமல்.

அருணாசலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் பஸ்ஸில் மலையேறி, செம்மேட்டில் அவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவன். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மகள் கலைமணியின் லேப்டாப்பில் வயர்லெஸ் வந்த பாடில்லை.

லேப்டாப் இவன் கடைச் சரக்குதான். சேந்தமங்கலத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். பழசை வாங்கித் துடைத்து, விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான்.

கலைமணி பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். சேலத்தில் ஓர் அச்சகத்தில் டைப் அடிக்கிற வேலை. வீட்டிலிருந்தே செய், ஆனால் திங்கட்கிழமை முதல் இன்டர்நெட்டில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

இன்டர்நெட் இருப்பதோ ரோட்டுக்கு அந்தப் பக்கம், மாதேஸ்வரன் மளிகைக்கடையில். தாராளமாக எடுத்துக்கொள் என்றான் அவன். முதலில் ஒயர்தான் இழுத்தார்கள். குச்சிக்கிழங்கு மூட்டை ஏற்றிய லாரி அதை வாரிக்கொண்டு போய்விட்டது. பச்சை உடம்புக்காரி, கைக்குழந்தையோடு கடைவாசலில் போய் உட்காரவா முடியும்?

“ஏம்பா பாய், ஊரெல்லாம் விண்டோஸ்தானே வெச்சிருக்கான்? அதைப் போட்டா வேலை செய்யுமா, செய்யாதா?”

“செய்யுமுங்க. இதுக்குள்ள இருக்கிற வயர்லெஸ் கார்டு விண்டோஸ் பேச்சை மட்டும்தான் கேக்கும். செஞ்சவன் அப்படிப் பழக்கி வெச்சிருக்கான்.”

“அப்புறமென்ன? போடு!”

“வெலை குடுத்து வாங்கணுமுங்க. இல்லீன்னா திருட்டுக் காப்பி. அதை நான் தொடமாட்டனுங்க. லினக்ஸ் எல்லாருக்கும் பொது. ஒருத்தன் கண்டுபிடிச்சதை ஊருக்கே குடுத்துடறான். என்னோட லேப்டாப் வாங்கினப்போ கூடவே விண்டோஸ் வந்துது. அன்னிக்கே அழிச்சேன். எப்படி ஓடுதுன்னு பாருங்க.”

பக்கத்தில் அவன் சொந்த லேப்டாப். அதில் மாதேஸ்வரன் கடை இன்டர்நெட் ஜோராக வந்துகொண்டிருந்தது. அருணாசலத்துக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

“உன் கட்சிக் கூட்டத்தையெல்லாம் சேந்தமங்கலத்துல வெச்சுக்க. எனக்கு எம்பொண்ணு வேலை நடக்கணும்.”

“சும்மா இருங்கப்பா” என்றாள் கலைமணி, தூளியை ஆட்டியபடி. “அண்ணன்தான் பாக்கறாரில்ல?”

“பாத்துட்டேதான் இருக்காரு.”

கருப்புத் திரையில் உவைஸ் என்னென்னவோ அடித்தான். அழித்தான். லேப்டாப்பை நிறுத்தித் திரும்பப் போட்டான். சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

“விடுங்கண்ணா. வேலை போனாப் போகுது” என்றாள் கலைமணி. சொல்லும்போதே குரல் உடைந்தது. குழந்தைக்குப் பால் கொடுக்க உள்ளே போய்விட்டாள்.

உவைஸ் வெறும் தூளியைப் பார்த்தான்.

“ஐயா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க.”

“ஏன், நான் மூச்சு விட்டா சிக்னல் வராதா?”

முணுமுணுத்துக்கொண்டே மிளகுக்கொடிப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது இரண்டு லேப்டாப்பும் பாயில் குப்புறக் கிடந்தன. உவைஸ் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தான்.

“உன்னுதையும் ஏன் கழட்டினே?”

“தூசிங்க.”

கலைமணியின் லேப்டாப்பை நிமிர்த்திப் போட்டான். வந்துவிட்டது! அச்சகத்திலிருந்து வந்த கடிதங்கள் திரையில் வரிசையாக நின்றன. உள்ளேயிருந்து ஓடிவந்த கலைமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“எப்படிங்கண்ணா?”

“ஒரே ஒரு கமாண்டு. லினக்ஸ்னா அப்படித்தான்.”

“காலையில இருந்து அந்தக் கமாண்டை எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?” என்றார் அருணாசலம்.

உவைஸ் பையை மாட்டிக்கொண்டான். பஸ் வந்துவிடும் என்று கிளம்பிவிட்டான்.

திங்கட்கிழமை வேலை தொடங்கியது. குழந்தை தூங்க, மகள் டைப் அடிக்க, வீட்டில் ஒரு நிம்மதி. அடுத்த வாரம் மிளகு விற்க மலையிறங்கிய அருணாசலம், தோளில் ஒரு பலாப்பழத்தோடு உவைஸ் கடைக்குள் நுழைந்தார்.

அவனுடைய லேப்டாப் திறந்திருந்தது. உவைஸ் அவசரமாக மூடினான்.

“மூடாதே, பாத்துட்டேன். விண்டோஸு!”

“அது... சும்மாங்கய்யா...”

“என்ன சும்மா? எங்கூட்டுல உக்காந்துக்கிட்டு அத்தனை பேச்சுப் பேசினே! மலைமேல ஒரு கட்சி, கீழே ஒரு கட்சியா? இந்தப் பழம் உனக்கில்ல. மறுபடி பஸ் ஏறுது.”

“டீ சொல்லிட்டு வாரனுங்க” என்று நழுவினான் உவைஸ்.

கல்லாவில் இருந்த அவன் மனைவி சபீரா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “அவரு சொல்லமாட்டாருங்கய்யா. லினக்ஸ் தோத்துப்போச்சுன்னு சொல்ல அவருக்கு வாய் வராது.”

“எங்கே தோத்துது? எம்பொண்ணுதுல அதுதானே ஜோரா ஓடுது?”

“ஓடாம என்னங்க? அதுல இருக்கறது இவரோட கார்டு. அங்கே கழட்டின கார்டை இதுல மாட்டிக்கிட்டு வந்துட்டாரு. வந்ததும் பரண்மேல ஏறி, லேப்டாப்போட வந்த பழைய விண்டோஸ் சிடியைத் தேடினாரு. அந்தக் கார்டு வேற யார் பேச்சையும் கேக்காதாமில்ல?”

அருணாசலம் பலாப்பழத்தை மேசைமேல் இறக்கினார்.

“கத்தியும் கொஞ்சம் எண்ணெயும் எடு கண்ணு. அவன் வர்றதுக்குள்ள அறுத்து வெச்சிடலாம்.”