மறுபடியும் அந்த ஓக் மரம்

விஸ்கான்சினில் மான் வேட்டை தொடங்கும் நவம்பர் காலை. வெள்ளையாய் உறைபனி படிந்த சருகுகள் காலடியில் நொறுங்குகின்றன. போன வருடம் மேலிருந்து விழுந்த அதே ஓக் மரத்தடியில் வெர்னன் நிற்கிறான். இருபதடி உயரத்தில், மானுக்காக அவன் காத்திருக்கும் இரும்பு இருக்கை தெரிகிறது. அவன் முதுகுக்குள் இப்போது அறுவைச் சிகிச்சையில் வைத்த இரண்டு கம்பிகள் இருக்கின்றன. கையுறையைக் கழற்றிவிட்டு, விழுந்தால் மரத்தோடு பிடித்து நிறுத்தும் பாதுகாப்பு வாரைத் தொடையிலும் மார்பிலும் ஒவ்வொரு கொக்கியாக மாட்டுகிறான். அவன் மனைவியின் தம்பி கிளிண்ட், ஆரஞ்சுச் சட்டையில், காபி குடித்தபடி பார்க்கிறான். "என்ன மச்சான், நீ மாட்டி முடிக்கிறதுக்குள்ள மானுக்கே வயசாயிடும்போல." வெர்னனுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் இல்லை. கொக்கியை இழுத்துப் பார்க்கிறான். "நான் விழுந்த அன்னிக்கு நீ ரெண்டு தடவை சுட்டே. ரெண்டும் கேட்டுச்சு. இங்கதான் கெடந்தேன். உன் பேரைச் சொல்லிக் கத்திப் பாத்தேன், தொண்டையில சத்தமே வரல." கோப்பையிலிருந்து ஆவி எழுந்து கிளிண்டின் முகத்தை மறைக்கிறது. "ஒரு வருஷமா சொல்லவே இல்லியே." "சொல்லியிருந்தா உனக்குத் தூக்கம் வந்திருக்காது." கிளிண்ட் மீதிக் காபியைச் சருகில் கொட்டிவிட்டு வண்டிக்கு நடக்கிறான். திரும்பும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் பொட்டலம், அக்கா வாங்கித் தந்து இதுவரை பிரிக்காதது. பல்லால் கிழித்து, உள்ளிருந்த பாதுகாப்பு வாரை உதறுகிறான். "இதுல கால் எது, தோள் எதுன்னே தெரியல மச்சான்." குனிய முடியாத வெர்னன், மரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டு, அவன் தொடையில் முதல் கொக்கியை மாட்டுகிறான்.