கனத்துக்கு ஒரு பேட்டரி

"ஒத்தை பேட்டரிதான், மாப்ள. விளம்பரம் அச்சாயிடுச்சு" என்றார் முதலாளி. என் மனைவியின் அண்ணன் வேறு. எதிர்த்துப் பேசினால் வீட்டில் சோறு கிடைக்காது.

"மச்சான், இந்த மைக் பெட்டியில சத்தத்தைப் பெருக்குறது ஆப்-ஆம்ப் சிப்பு. அதுக்குப் பிளஸ் ஒன்பது வோல்ட்டும் வேணும், மைனஸ் ஒன்பதும் வேணும். ரெண்டு பேட்டரியைக் கோத்து வெச்சா வேலை முடிஞ்சுது."

"ஒண்ணுலயே மைனஸ் வரவைக்கத்தானே உனக்குச் சம்பளம்?"

மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, ஒரே பேட்டரியிலிருந்து மைனஸைக் கறக்கும் சர்க்யூட்டைச் செய்தேன். மைனஸ் வந்தது. கூடவே ஸ்பீக்கரில் கொசு ரீங்காரமும் வந்தது. என்ன செய்தும் போகவில்லை.

மச்சான் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னடா இது, காலி டப்பா மாதிரி இருக்கு! வாங்குறவன் ஏமாத்துறோம்னு நினைக்க மாட்டான்? ஸ்டோர்ல பேட்டரி மலையா கிடக்கே, கனத்துக்கு அதுல ஒண்ணை உள்ள வை. சும்மா கிடக்கட்டும். நாளைக்கு இந்தக் கொசுவும் இருக்கக் கூடாது."

மறுநாள் மைக்கில் ஊதினார், இருமினார், பாடியும் தொலைத்தார். துளி இரைச்சல் இல்லை.

"ரெண்டு பேட்டரி இல்லாம முடியாதுன்னு அழுதியே, இப்பப் பாத்தியா?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், மச்சான்."

கனத்துக்கு வைத்த பேட்டரிக்கு முந்தின நாளே இரண்டு கம்பி கொடுத்துவிட்டேன். மூன்று மாத சர்க்யூட் என் மேசை இழுப்பறையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.